மங்கையர்க்கரசி பேரில் காய்த்த தக்காளி

சரவணம்பட்டியைத் தாண்டி, சத்தி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் பாதையின் கடைசியில், இருபத்துநாலு வீடுகள் கொண்ட குமரன் நிழலகத்தின் மொட்டை மாடியில், ஒரு புதன்கிழமை காலை, குப்புராஜ் பையில் மண் போட்டு வளர்த்த தக்காளிச் செடியின் முதல் பழம் பழுத்தபோது, அதன் தோலில் "சு. மங்கையர்க்கரசி" என்று எழுதியிருந்தது, அதற்குக் கீழே, எறும்பு வரிசை மாதிரிப் பொடி எழுத்தில், அவன் விதை ஊன்றிய தேதியும் மணியும் நிமிடமும் இருந்தன. பேனாவால் எழுதினதில்லை, ஊசியால் கீறினதுமில்லை, பழம் சிவந்துகொண்டே வந்து அந்த எழுத்துகளுக்கு மட்டும் சிவக்க மறந்துபோன மாதிரி மஞ்சளாக, தோலோடு தோலாக இருந்தது. ஆச்சரியப்பட அவனுக்கு நேரமில்லை. சுற்றுமுற்றும் பார்த்தான். பழத்தைப் பறித்து, கழுவாமல், நின்ற இடத்திலேயே காம்பு உட்பட விழுங்கிவிட்டுக் கீழே வந்து தோசைக்கல்லை அடுப்பில் வைத்தான்.

அவன் மனைவி தமயந்தி மழலையர் பள்ளியில் டீச்சர். ஏழரைக்கு வேன் வந்துவிடும் என்பதால் அந்த வீட்டில் காலைத் தோசை அவன் பொறுப்பு. முதல் தோசையைப் பிய்க்கப் போனவள் கையை எடுத்துவிட்டாள்.

"யாருங்க இது?"

"எது?"

"தோசையில இருக்கறவ."

"கல்லு சரியில்ல."

"கல்லுக்குப் பேரெழுதத் தெரியுதா? அதும் இனிஷியலோட?"

அவள் எழுந்து வந்து தானே ஒன்று ஊற்றினாள். வெறும் தோசையாக வந்தது. அவனை ஊற்றச் சொன்னாள். முறுகலான பழுப்பில் சு. மங்கையர்க்கரசி, காலை ஏழு மணி நாலு நிமிடம் என்று வந்தது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு மறுபடி ஊற்றச் சொன்னாள். ஆறு தோசை ஆனது, ஆறிலும் அவள் இருந்தாள்.

"உங்க ஆபீஸ்ல இருந்த புள்ளதானே? வேலைய விட்டுத் தூக்கிட்டாங்கன்னு சொன்னீங்களே?"

"ஆமா."

"அவ பேரு எதுக்கு உங்க தோசையில வருது?"

"எனக்கென்னடி தெரியும்!" என்று குப்புராஜ் கரண்டியை விட்டெறிந்தான். அந்த வீட்டில் கரண்டி விழுந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். தமயந்தி பெயர் எழுதிய தோசையைச் சட்னியில் தொட்டுத் தின்றுவிட்டு வேன் ஏறிப் போய்விட்டாள்.

ஆனால் அவனுக்குத் தெரியும். எப்படித் தெரியாமல் போகும்?

குப்புராஜ் மென்பொருள் எழுதுகிறவன். உக்கடத்தில் உருளைக்கிழங்கு மூட்டை சுமந்து, தபாலில் படித்து, கம்ப்யூட்டர் சென்டரைக் கூட்டிப் பெருக்கியபடியே கற்றுக்கொண்டு, யார் சிபாரிசும் இல்லாமல் மேலே வந்தவன். அதனால் யார் சொன்ன விலையையும் முதல் தடவையில் ஒத்துக்கொள்ளாதவன், கொத்தமல்லிக் கட்டிலிருந்து சம்பளம் வரைக்கும் வாதாடி ஜெயித்தே பழகினவன். கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். அவன் குத்துகிற குத்தில் கடையில் வாங்கிய கீபோர்டு ஒன்றும் ஆறு மாதம் தாங்கியதில்லை என்பதால், ஸ்பிரிங் தனியாக, கட்டை தனியாக வரவழைத்து, ஒவ்வொரு விசைக்கும் எண்ணெய் தொட்டு, ஈயம் பற்றவைத்துத் தானே கீபோர்டு செய்துகொள்வான். ஞாயிற்றுக்கிழமை அவன் அமைதியாக இருக்கிற மூன்று மணி நேரம் அதுதான். மீதி நேரம் தக்காளி.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நிரலில் யார் எந்த வரியை எழுதினாலும், எழுதியவர் பேரும் தேதியும் மணியும் அந்த வரிக்குப் பக்கத்தில் தானாகப் பதிந்துகொள்ளும்; நூறு பேர் சேர்ந்து எழுதினாலும் எந்தத் தப்பு யார் கையிலிருந்து வந்தது என்று ஒரே தட்டில் காட்டிவிடும். அவன் கம்பெனி, ஊருக்குத் தண்ணீர் லாரி அனுப்பும் செயலி ஒன்றை நடத்தியது. எழுதியதைச் சோதித்துப் பார்க்க ஏதாவது ஒரு முகவரி வேண்டும். ஆளுக்கு ஒரு பழக்கம். குப்புராஜ் தன் கல்யாணம் நடந்த மண்டபத்தின் முகவரியைப் போடுவான். சோதனை முடிந்ததும் எடுத்துவிடுவான். ஆவணி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், யாரிடமோ போனில் கத்திக்கொண்டே வேலையை முடித்தவன், அதை எடுக்க மறந்து அப்படியே செயலியில் ஏற்றிவிட்டான். சனிக்கிழமை விடிந்ததும் ஊரில் யார் தண்ணீர் கேட்டாலும் லாரி அந்த மண்டபத்துக்குப் போயிற்று. முகூர்த்த நேரத்தில் நாற்பத்தொரு லாரிகள் வாசலில் நின்று ஹாரன் அடித்தன, பந்தி இலையெல்லாம் சேற்றில் மிதந்தது. அதையெல்லாம் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். தண்ணீர் போகாத இடங்களில் ஒரு டயாலிசிஸ் மையமும் இருந்தது. அன்றைக்கு ஆறு பேரை வீங்கின காலோடு வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

சேதி கேட்டு ஆபீசுக்கு ஓடிவந்தவர்கள் இரண்டு பேர், குப்புராஜும் மங்கையர்க்கரசியும். அவள் சேர்ந்து எட்டு மாதமான பெண், அவனைச் சார் என்று கூப்பிடுவாள். மத்தியானம் மூன்று மணிக்கு எல்லாம் சரியானதும், "காலையிலிருந்து பச்சத்தண்ணி குடிக்கல நீங்க" என்று அவள் சாப்பாடு வாங்கக் கீழே போனாள். அந்த இருபது நிமிடத்தில் அவன் திறந்து கிடந்த அவள் கணினியின் முன்னால் உட்கார்ந்து, பழைய பதிவை அழித்து, அதே வரியை அதே வெள்ளிக்கிழமை தேதியிட்டு அவள் பேரில் மறுபடி எழுதிவைத்தான். அவள் இரண்டு பொட்டலம் தக்காளி சாதத்தோடு வந்தாள். அவனுக்கு ஊறுகாய் பிடிக்கும் என்று கேட்டுக் கூடுதலாக வாங்கியிருந்தாள். அவன் தின்றான்.

திங்கட்கிழமை விசாரணையில் திரையைக் காட்டியபோது அவள் வெகுநேரம் பார்த்தாள். "எழுதுன மாதிரி ஞாபகம் இல்லீங்க. ஆனா எம் பேருதான் இருக்குது" என்றாள். "நம்பவே முடியலம்மா, நல்ல பொண்ணுன்னு நெனச்சமே" என்றார் மேலாளர். சாயங்காலத்துக்குள் அவள் அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு, மனசை வேறு எதிலாவது திருப்பலாம் என்று, குப்புராஜ் தக்காளி விதை ஊன்றினான்.

இதுதான் அவனுக்குத் தெரிந்தது.

அந்தப் புதன்கிழமைக்கு அப்புறம் அவன் கைபட்டு உருவான எதுவும் அவன் பேரில் வரவில்லை. அவன் தேய்த்த சட்டையின் மடிப்பில் அவள் பேர், அவன் ஆற்றின காபியின் நுரையில் அவள் பேர், ஞாயிற்றுக்கிழமை செய்துமுடித்த கீபோர்டின் வெற்று விசைகளில் வரிசையாக ம, ங், கை என்று அவள் பேர். ஆபீசில் அவன் எழுதிய வரிகளிலும் அவள் பேர்தான் விழுந்தது, அவள் கணக்கை மூடாமல் விட்டதால் வந்த கோளாறு என்று அங்கே நினைத்துக்கொண்டார்கள். பழங்களை எத்தனைதான் விழுங்குவான்? மூன்றாம் மாடி வசந்தாமணி அக்கா துணி காயப்போட மேலே வந்தவள், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு பழத்தைப் படித்தாள்.

"யாரு தம்பி, சொந்தமா?"

"கூட வேல பாத்த புள்ளைங்கக்கா."

"நல்ல கைராசி. ரெண்டு குடு, ரசத்துக்கு."

ரசம் நன்றாக அமைந்துவிட்டது. அதற்குமேல் அந்தக் கட்டடத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. மறுநாள் நாலு பேர் மங்கையர்க்கரசி தக்காளி கேட்டு வந்தார்கள். மேல்தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்துப் பார்த்து எரிச்சலாகி, நிரம்பினால் மோட்டாரைத் தானே நிறுத்துகிற பெட்டி ஒன்றை குப்புராஜ் செய்து மாட்டினான், பெட்டிமேல் அவள் பேர் வந்தது, குடியிருப்போர் சங்கச் செயலாளர் நாச்சிமுத்து, மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், "தண்ணீர் வீணாவதைத் தடுத்த சு. மங்கையர்க்கரசி அவர்களுக்கு நன்றி" என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். யாரும் பார்த்திராத அந்தப் பெண் அங்கேதான் எங்கேயோ குடியிருக்கிறாள் என்று ஆனது. சிலருக்கு வெளியே வரப் பிடிக்காது, அவ்வளவுதானே. வாட்ச்மேனைக் கேட்டால் "இப்பத்தானுங்க மேல போச்சு" என்பான். சீமந்தப் பத்திரிகை அவள் பேருக்கு வந்தது. பொங்கல் விழாவில் முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் பேரை ஒட்டி வைத்தார்கள். யாரும் உட்காரவில்லை, கரும்பும் தேங்காயும் அதன்மேல் வைத்துவிட்டு, விழா முடிந்ததும் குப்புராஜிடம் கொடுத்து "அந்தப் புள்ளகிட்டக் குடுத்துரு" என்றார்கள்.

"எத்தன வேல செய்யுது, ஒரு சத்தமிருக்குதா?" என்றாள் வசந்தாமணி அக்கா. "நீயுமிருக்கறயே தம்பி, ஒரு கொரியர்காரன் வந்தாக்கூட மூணு மாடிக்குக் கேக்கும்."

அவன் சும்மா இருந்துவிடவில்லை. பேரம் பேசிப் பார்த்தான். தெரிந்த இரண்டு கம்பெனிகளில் அவளுக்காக, அவளுக்குத் தெரியாமல், வேலைக்குச் சொல்லி வைத்தான். மறுநாள் பழத்தில் எழுத்து இன்னும் தடித்து வந்தது. ஆறு நோயாளிகளும் பிழைத்துக்கொண்டார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அதை மொட்டை மாடியில் செடிக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னான். செடி பூத்தது. காய்த்தது. எல்லாக் காயிலும் அவள்.

தை கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, நாச்சிமுத்துவின் கார் அவன் இடத்தில் ஒன்பது அங்குலம் உள்ளே வந்து நின்றிருந்தது. இரண்டு வருஷமாக நடக்கிற சண்டை அது. குப்புராஜுக்குக் கண் சிவந்தது. சாவியை எடுத்தான், முன்கதவிலிருந்து பின்சக்கரம் வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தான். மாடிப்படி வரைக்கும் நடக்கிற நேரத்துக்கு நெஞ்சு குளிர்ந்திருந்தது. திரும்பிப் பார்த்தான். கீறலை ஒட்டியே, மணி கோத்த மாதிரி, சு. மங்கையர்க்கரசி, சு. மங்கையர்க்கரசி, காலை எட்டு பதினொன்று என்று எழுதியிருந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார்கள். பொங்கல் நாற்காலியை நாச்சிமுத்து எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி கவிழ்த்து வைத்தார்.

"நன்றின்னு நோட்டீஸ் ஒட்டுனன் நானு, என்னையச் சொல்லோணும். அந்தப் புள்ள இனி இங்க இருக்கப்படாது."

"நம்பவே முடியலீங்க" என்றாள் வசந்தாமணி அக்கா. "நல்ல புள்ளைன்னு நெனச்சமே."

அதே வார்த்தை. விசாரணையன்று மேலாளர் சொன்னது. குப்புராஜ் தன்னை அறியாமல் எழுந்து நின்றான்.

"நான்தானுங்க கீறுனேன்."

கூட்டம் அவனைப் பார்த்தது. நாச்சிமுத்து எழுந்து வந்து, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, அவன் தோளில் கை போட்டார்.

"கூட வேல பாத்த புள்ளன்னு பழிய நீ ஏத்துக்கறே. பெரிய மனசு தம்பி உனக்கு. உன்னையத் தப்பா நெனச்சுட்டேன்."

"அய்யோ, நெசமாலுமே நான்தானுங்க! இந்தச் சாவியிலதான்!"

"பேரும் மணியும் எழுதியிருக்குதே, சாமி. எழுதுனது பொய் சொல்லுமா?"

நாலு பேர் கை தட்டினார்கள். அவன் பெருந்தன்மைக்கு.

வீட்டுக்கு வந்தவன் நேரே கம்பெனிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தான். தப்பு என்னுடையது, பதிவை மாற்றியதும் நானே, தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன் என்று ஒரே மூச்சில் அடித்தான். அடித்து முடித்ததும் கீழே கையொப்பம் தானாக வந்து நின்றது: இப்படிக்கு, சு. மங்கையர்க்கரசி. அழித்து அடித்தான். காகிதமும் பேனாவும் எடுத்து எழுதினான். மை காய்கிறபோது அவன் பேர் நெளிந்து அவள் பேராயிற்று. அவன் குற்றத்தை அவளே ஒப்புக்கொண்டு எழுதின மாதிரி ஏழு கடிதங்கள் மேஜைமேல் கிடந்தன. ஏழையும் கிழித்தான்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தமயந்தி உள்ளே வந்து துண்டுகளைப் பொறுக்கினாள்.

"நாப்பத்தொரு லாரியும் நம்ம கல்யாண மண்டபத்துக்குப் போச்சுன்னு கேட்டப்பவே எனக்குத் தெரியும்" என்றாள். "இந்த ஊர்ல மண்டபத்துக்கா பஞ்சம்? நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். தோசையா தின்னுட்டு."

அவன் கத்தவில்லை. கத்துவதற்கு எதிரில் ஆள் இல்லாத மாதிரி இருந்தது.

"கையிலதான் எழுத முடியல" என்றாள் அவள். "வாய் இருக்குதில்ல? ஊரே கேக்கற வாய்."

ஞாயிற்றுக்கிழமை அவிநாசிக்குப் பஸ் ஏறினான். மங்கையர்க்கரசியின் அப்பா மாவு மில் வைத்திருந்தார். அவள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, அரைக்க வந்த டின்களில் சாக்பீஸால் ஆள் பேர் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு பேரை எழுதி, டின்னைத் திறந்து பார்த்து, மூடி, பேரை வாய்விட்டுப் படித்து, மறுபடி திறந்து பார்த்தாள்.

"அட, வாங்க சார்" என்றாள். டீ வரவழைத்தாள். மிளகாய் நெடியில் இருமிக்கொண்டே அவன் வழியெல்லாம் யோசித்து வந்த பேச்சைப் பேசினான். மேலாளரிடம் இரண்டு பேருமே கவனிக்கவில்லை என்கிற மாதிரிச் சொல்லிப் பார்க்கலாம், அவளை மறுபடி எடுத்துக்கொள்ளச் சொல்லலாம், இல்லாவிட்டால் வேறு இடத்தில் நல்ல வேலையாக... அவள் கையைத் தூக்கினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார். அந்த வரிய நான் எழுதல. அப்படித்தானே?"

"இல்லம்மா. நான்."

அவள் கையிலிருந்த சாக்பீஸை வைத்துவிட்டு கோதுமை மூட்டைமேல் உட்கார்ந்தாள். மில்லின் பெல்ட் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அஞ்சு மாசம் சார். அஞ்சு மாசமா என்னைய நானே நம்பல. கேஸை அணைச்சனான்னு மூணு தடவ எந்திரிச்சுப் பாக்கறேன். இந்த டின்னு யாருதுன்னு நானே எழுதிட்டு நானே தெறந்து பாக்கறேன். எழுதாததை எழுதியிருக்கறேன்னா, வேற என்னென்ன செஞ்சனோ எனக்கே தெரியாமன்னு..." நிறுத்தினாள். "எப்ப மாத்துனீங்க?"

"நீ சாப்பாடு வாங்கக் கீழ போனப்ப."

"அப்புறம் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"ஊறுகாயும்?"

"ஊறுகாயும்."

அவள் அழுதிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். திட்டியிருந்தால் பதிலுக்காவது கத்தியிருப்பான். அவள் எழுந்து துண்டை உதறிக் கட்டிக்கொண்டாள்.

"வேல கெடக்குது சார். எம் பேர எடுத்துக் குடுங்க. ரெண்டு பேரும்னெல்லாம் வேண்டாம். முழுசா."

வாழ்க்கையில் முதல் தடவையாக குப்புராஜ் எதிராளி கேட்டதில் ஒரு இம்மி குறைக்கச் சொல்லாமல் தலையாட்டினான்.

அவன் ஆபீசில் தினமும் ஒன்பதே முக்காலுக்கு எல்லாரும் வட்டமாக நிற்பார்கள். உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் பேச்சு நீளும். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், தடை ஏதாவது உண்டா என்று ஆளுக்கு மூன்று வரி சொல்லிவிட்டு நாற்காலிக்குப் போய்விடுவார்கள். பெரும்பாலும் யாரும் யாரையும் கேட்பதில்லை. திங்கட்கிழமை குப்புராஜின் முறை வந்தது.

"நேத்து அவிநாசிக்குப் போயிருந்தேன், மங்கையர்க்கரசியப் பாக்க" என்று தொடங்கினான். யாரோ செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். "ஆவணியில லாரியெல்லாம் மண்டபத்துக்குப் போச்சே, அந்த வரி நான் எழுதுனது. அது என் கல்யாணம் நடந்த மண்டபம், வேணும்னா போட்டோ காட்டறேன். அந்தப் பொண்ணு எனக்குச் சோறு வாங்கப் போன நேரத்துல அவ சீட்ல உக்காந்து அவ பேருக்கு மாத்துனதும் நான்தான். ஆறு பேர் வைத்தியம் இல்லாம வீட்டுக்குப் போனது என்னால. இன்னிக்கு என்ன செய்யப் போறேன்னா, இதை எழுதிக் குடுக்க என்னால முடியாது, எழுதுனா எம் பேரு வராது. அதனால நீங்க எல்லாரும் காதால கேட்டுட்டீங்க, நீங்க எழுதுங்க. தடை ஒண்ணும் இல்ல."

மேலாளர் அப்போதே, வட்டத்தில் நின்றபடியே, ஸ்பீக்கரில் போட்டு அவளைக் கூப்பிட்டார். பின்னால் மில் ஓடுகிற சத்தம் கேட்டது. "அம்மா, அந்தத் தப்பு உங்களுது இல்லைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்றார். "எனக்கு நேத்தே தெரியும் சார்" என்றாள் அவள். "அரைக்க ஆள் நிக்குது" என்று வைத்துவிட்டாள்.

குப்புராஜின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அவன் மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்து நேரே மொட்டை மாடிக்கு ஏறினான். தக்காளிகள் வெறுமையாக இருந்தன. சிவப்பு மட்டும், ஒரு எழுத்தில்லை. வசந்தாமணி அக்கா ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க தம்பி அந்தப் புள்ள?"

"அவ வீட்டுக்குப் போயிட்டாங்கக்கா."

"சொல்லாமக் கொள்ளாமயா?" அக்கா அந்தப் பழத்தைக் கையிலிருந்து விட்டாள். "காரக் கீறுனா என்ன, இருந்துட்டுப் போகட்டும்னுதான் நான் சொல்லலாம்னு இருந்தேன்." அவள் ஃபிரிட்ஜில் பேரெழுதினது ஒன்று மிச்சம் இருந்தது, அது சுருங்கி விதையாகிறவரை ரசத்துக்குப் போகவில்லை.

நாலு மணிக்கு தமயந்தி வந்தாள். அவன் தோசை ஊற்றினான். வெறும் தோசையாக வந்தது. இரண்டு பேரும் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது கீழே, வண்டி நிறுத்துமிடத்தில், காரைத் துடைக்க ஈரத்துணியோடு குனிந்த நாச்சிமுத்துவின் குரல் எழுந்தது.

"டேய் குப்புராஜு! எறங்கி வாடா கீழ! குப்புராஜூ!"

மூன்று மாடியையும் தாண்டி அது மேலே வந்தது. கதவுகள் திறந்தன. கைப்பிடிச் சுவர்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. "அத்தன எழுத்தும் மாறிருச்சு பாருங்க! வே. குப்புராஜ், எட்டு பதினொண்ணு! என்ற கையால தோள்ல தட்டிக் குடுத்தனே உன்னைய! டேய் குப்புராஜூ!"

தமயந்தி அடுப்பை அணைத்தாள். "உங்களத்தான் கூப்பிடறாங்க."

"கேக்குது."

அவன் கரண்டியை, சத்தம் வராமல், தட்டின் ஓரத்தில் சாய்த்து வைத்தான். கீழேயிருந்து அவன் பேர் மறுபடி வந்தது, அதன்பின் இன்னொரு முறை, ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் காட்டமாக. குப்புராஜ் ஒரு நிமிடம் அதைக் கேட்டுக்கொண்டே நின்றான்.

"எம் பேருதான்" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு, சாவியையும் எடுத்துக்கொண்டு, படியிறங்கிப் போனான்.